தொண்ணூறுகளும் நம் சமுதாயமும்

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1991ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொடங்குவர். அந்நியச் செலாவணி வற்றிய நிலையில் நடுவண் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், தொழில் உரிமக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் அத்திங்களில் நிகழ்ந்தவை. அவை நாட்டின் போக்கை மாற்றின என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெருக்களில் வாழ்ந்த நம் மக்களுக்கு அந்தப் பத்தாண்டின் வரலாறு வேறோரிடத்தில் தொடங்குகிறது.

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம் அந்தப் பத்தாண்டின் விளைச்சல்களுள் ஒன்று. புதிதாகப் படிக்கத் தொடங்கிய ஒரு தலைமுறைக்குக் கைகொடுத்து மேலேற்ற வேண்டும் என்று அன்றைய இளைஞர்கள் எண்ணியதன் பயனே இது. ஆகவே, சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும் இவ்வேளையில் அது முளைத்த மண்ணையும் அறிந்துகொள்ளல் நலம். அக்காலக் கொடுமைகளை மட்டுமே கேட்டு வளரும் இன்றைய மாணவர் சிலர், அது அழுகையின் காலம் என்று கருதுகின்றனர். வேறு சிலர், நாம் பெற்றவை யாவும் அரசு தந்த கொடை என்று கருதுகின்றனர். இரண்டும் அரை உண்மைகளே. நம் மக்கள் எழுத்தைக் கைக்கொண்டனர், அதனால் நிமிர்ந்தனர், நிமிர்ந்ததனால் தாக்கப்பட்டனர், தாக்கப்பட்ட பின்னும் எழுத்தைக் கைவிட்டாரில்லை. இதுவே அந்தப் பத்தாண்டின் வரலாறு என்பது நம் துணிபு. அதனைச் சான்றுகளுடன் ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

சட்டமும் நூற்றாண்டு விழாவும்

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு 1950ஆம் ஆண்டிலேயே தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கடைப்பிடித்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனினும் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அவ்வழக்கில் தண்டனை பெற்றோர் பின்னர் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றதையும் நாடறியும். இருந்த சட்டங்கள் போதா என்பதை ஆள்வோர் உணர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

1989ஆம் ஆண்டில் நிறைவேறி, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நம் மக்கள் மீது இழைக்கப்படும் கொடுமைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியது. நிலத்தைப் பறித்தல், கட்டாய வேலை வாங்குதல், வாக்களிக்க விடாமல் தடுத்தல், குடிநீரைக் கெடுத்தல், பெண்களை மானபங்கப்படுத்துதல் ஆகியவை தனித்தனிக் குற்றங்களாயின. தனி நீதிமன்றங்களுக்கு வழி செய்யப்பட்டது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு என்று அச்சட்டம் கூறியது. சட்டம் வந்தவுடன் நீதி வந்துவிடவில்லை. ஆனால் மனு எழுதத் தெரிந்தவனுக்கு அது கையில் ஒரு கருவியாயிற்று. எழுதத் தெரியாதவனுக்கோ அலமாரியில் உறங்கும் தாளாகவே இருந்தது. கல்வியின் தேவையை இதைவிடத் தெளிவாக உணர்த்திய பாடம் வேறில்லை.

அதே 1990ஆம் ஆண்டு ஏப்ரலில் அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு விழா தொடங்கிற்று. அவர் மறைந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் உருவப்படம் திறக்கப்பட்டது. பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினருக்கும் சட்டப் பாதுகாப்பு நீடிக்கும் என்ற திருத்தமும் அவ்வாண்டிலேயே வந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் நம் மக்கள் காசு சேர்த்துச் சிலை வைத்தனர், படிப்பகங்கள் திறந்தனர். அண்ணலின் எழுத்துகளை மராட்டிய அரசு 1979 முதல் ஆங்கிலத்தில் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வந்தது. தொண்ணூறுகளில் அவை தமிழிலும் வெளிவரத் தொடங்கின. படத்தில் மட்டும் அவரைக் கண்டிருந்தவர்கள் அவருடைய வாதங்களைப் படிக்கலாயினர். வணங்கப்படும் தலைவர் வாசிக்கப்படும் ஆசிரியரானார். நூற்றாண்டு விழா நமக்கு ஈந்த பயன்களுள் தலையாயது இதுவே எனலாம்.

1990 ஆகஸ்ட் 7ஆம் நாள் மண்டல் குழுப் பரிந்துரையை நடுவண் அரசு ஏற்றதும் வடநாட்டு நகரங்களில் எழுந்த கிளர்ச்சியை யாவரும் அறிவர். அப்பரிந்துரை பிற்படுத்தப்பட்டோருக்கு உரியது. ஆயினும் தகுதி, திறமை என்னும் சொற்களைக் கொண்டு அன்று இடஒதுக்கீடு முழுமையும் தாக்கப்பட்டமையால், நம் இளைஞர்களும் அவ்விவாதத்தில் இறங்கினர். மறுமொழி கூறும் பொருட்டு வரலாறும் புள்ளிவிவரமும் படித்தனர்.

அகரம் கற்ற அன்னையர்

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988ஆம் ஆண்டில் தோன்றியது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து தமிழகத்தில் அறிவொளி இயக்கம் மாவட்டந்தோறும் பரவியது. பகலெல்லாம் நடவும் களையெடுப்பும் முடித்து வந்த பெண்கள், இரவில் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து எழுத்துக் கூட்டினர். கற்பித்தோர் பலர் அதே தெருவில் பத்தாம் வகுப்பு வரை படித்த இளைஞர்களும் இளம்பெண்களும் ஆவர். ஊதியமின்றி உழைத்த அத்தொண்டர்களே நம் தெருக்கள் கண்ட முதல் ஆசிரியர் கூட்டம் என்றால் மிகையாகாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுடன் மிதிவண்டிப் பயிற்சியும் சேர்ந்தது. கல்லுடைப்போரும் கூலி வேலை செய்வோருமான பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பிறர் துணைக்குக் காத்திராமல் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் வகுப்புக்கும் தாமே சென்று வந்தனர். மேல்தெருவின் வழியே மிதிவண்டியில் ஏறிச் செல்ல ஆடவர்க்கே உரிமை மறுக்கப்பட்டிருந்த ஊர்கள் அன்று தமிழகத்தில் பல. அத்தகைய நாட்டில் நம் பெண்கள் மிதிவண்டியில் சென்றமை சிறிய மாற்றமன்று.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் இம்மாற்றத்துக்குச் சான்று பகர்கின்றன. தமிழகப் பட்டியல் சாதியினருள் எழுத்தறிந்தோர் 1991இல் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர். 2001இல் 63 பேர். பெண்களை மட்டும் கணக்கிட்டால் 35 என்பது 53 ஆயிற்று. நம் பெண்களுள் எழுத்தறியாதோரே பெரும்பாலோர் என்றிருந்த நிலை அந்தப் பத்தாண்டிற்றான் மாறிற்று. எனினும் 2001இல் மாநிலப் பெண்கள் அனைவரின் சராசரி 64 என்பதையும் உடன் வைத்து நோக்குதல் வேண்டும். நாம் விரைந்து நடந்தோம். ஆனால் மிகப் பின்னாலிருந்து நடக்கத் தொடங்கினோம்.

பெயர்களில் விளைந்த மாற்றம்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை வரலாற்று ஆவணமாகக் கொள்வோர் சிலரே. ஆசிரியப் பணியில் நெடுங்காலம் கழித்த நாமோ அதனை அவ்வாறே கருதுகிறோம். பழைய பதிவேடுகளில் நம் பிள்ளைகளின் பெயர்கள் பெரும்பாலும் ஓரிரு சொற்களுள் அடங்கிவிடும். பண்ணையார் வீட்டுச் சிறுவனும் நம் முதியோரை ‘அடே’ என்று கூவி அழைத்த காலத்தின் பெயர்கள் அவை. தொண்ணூறுகளின் பதிவேடுகளில் அம்பேத்கர், கௌதமன், சித்தார்த்தன், அறிவழகன், தமிழ்ச்செல்வி போன்ற பெயர்கள் பெருகக் காணலாம். பெயர் சூட்டும் உரிமையைப் பெற்றோர் தம் கையில் எடுத்துக்கொண்டனர் என்பதே இதன் பொருள்.

சமுதாயத்தின் பொதுப்பெயரும் அவ்வாறே மாறியது. பிறர் இட்ட இழிபெயர்களை மறுத்து, ஆதிதிராவிடர் என்னும் பெயரை 1922ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு ஏற்குமாறு செய்தவர் எம். சி. ராஜா அவர்கள். அண்ணல் காந்தியடிகள் பரப்பிய ‘ஹரிஜன்’ என்னும் பெயரை நம் தலைவர்கள் பலர் ஏற்கவில்லை. மராட்டியத்தில் 1972இல் எழுந்த சிறுத்தைகள் இயக்கம் ‘தலித்’ என்னும் சொல்லைப் போர்க்குரலாக்கிற்று. அச்சொல் எண்பதுகளில் தமிழகத்துள் புகுந்து, தொண்ணூறுகளில் ஊர்தோறும் வழங்கலாயிற்று. இப்பெயர்களுள் எது ஏற்றது என்பதில் நம்மவரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நம்மை எவ்வாறு அழைப்பது என்பதை நாமே முடிவு செய்வோம் என்பதில் வேறுபாடு இல்லை.

பெயருக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை 1997ஆம் ஆண்டு காட்டிற்று. வீரபாண்டிய கட்டபொம்மனின் படைத்தளபதியாக விளங்கிய சுந்தரலிங்கத்தின் பெயரை விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சூட்ட முனைந்தபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினரிடையே எதிர்ப்பு எழுந்தது. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. இறுதியில் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கிவிட்டது. நம்மவர் ஒருவரின் பெயரை ஏற்பதைவிட எல்லாப் பெயர்களையும் இழப்பதே எளிதாக இருந்தது என்பதை வருங்கால வரலாற்றாசிரியர் குறித்தே ஆகவேண்டும்.

எழுச்சிக்குக் கிடைத்த விடை

நிமிர்ந்தவர் மீது விழுந்த அடிகளை இனி நோக்குவோம். 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். பிறர் கைக்குச் சென்றுவிட்ட அந்நிலங்களை மீட்கக் கோரி, 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் இருவர் மாண்டனர். நூறாண்டுக்கு முந்தைய அரசாணையை நம் இளைஞர்கள் தேடிப் படித்ததன் விளைவே அப்போராட்டம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1995 ஆகஸ்ட் 31ஆம் நாள் கொடியன்குளத்தில் காவல் படையினர் புகுந்து வீடுகளைச் சூறையாடினர். வெளிநாட்டுக்குச் சென்று உழைத்துச் சேர்த்த பொருளும், கற்றுப் பெற்ற பட்டமும் உடைய குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. தொலைக்காட்சிப் பெட்டிகளும் மின்விசிறிகளும் உடைக்கப்பட்டன என்றும், கல்விச் சான்றிதழ்கள் அழிக்கப்பட்டன என்றும் ஊரார் சாட்சியம் கூறினர். வறுமையினால் வந்த துன்பமன்று அது. வறுமை நீங்கியதைப் பொறாத கைகள் செய்த அழிவு.

73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளில் மக்கள்தொகைக்கேற்ப நமக்கும், மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. தமிழகத்தில் அம்முறைப்படி 1996இல் தேர்தல் நடந்தது. ஊர்க் கூட்டத்தில் கைகட்டி நின்றவர் மகன் ஊராட்சி அலுவலக நாற்காலியில் அமர்ந்து கையொப்பமிடும் காலம் பிறந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் அது பொறுக்கப்படவில்லை. அச்சுறுத்தலாலும் வன்முறையாலும் தடைப்பட்ட தேர்தல் காவலுடன் மீண்டும் நடத்தப்பட்டு, முருகேசன் என்பார் தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் நாள், மதுரையிலிருந்து திரும்பும் வழியில் பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்த ஐவரையும் வெட்டிக் கொன்றனர். அவ்வழக்கில் 2001இல் 17 பேருக்கு வாழ்நாள் சிறை விதிக்கப்பட்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலோ நம்மவர் ஒருவர் தலைவராக நிலைத்துப் பணியாற்றும் நிலை 2006 வரை உருவாகவில்லை.

1997 ஜூலை 11ஆம் நாள் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை இழிவுபடுத்தப்பட்டதைக் கண்டித்துத் திரண்டவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மர் மாண்டனர். அதே ஜூலைத் திங்கள் 25ஆம் நாள், கேரளத்துச் சிற்றூரில் ஓலைக் குடிசையில் பிறந்து கல்வியால் உயர்ந்த கே. ஆர். நாராயணன் இந்தியக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். மேலவளவுக்கும் அப்பதவியேற்புக்கும் இடையே கழிந்தவை இருபத்தைந்து நாட்களே. நாட்டின் உச்சியில் ஏறியவரும் ஊராட்சி நாற்காலிக்காக உயிர் கொடுத்தவரும் ஒரே கோடையில் வாழ்ந்தனர். அந்தப் பத்தாண்டின் இயல்பை இதைவிடச் சுருங்கக் கூற இயலாது.

1998இல் முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளுள் நாற்பது நம்மவர்க்கு என்ற அத்திட்டம் நன்னோக்கமுடையதே. அடுத்த ஆண்டே, 1999 ஜூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் நடந்த ஊர்வலம் தடியடியால் கலைக்கப்பட, ஒரு குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் உயிர் நீத்தனர். அந்தப் பத்தாண்டின் ஈற்றிலும் நம் மக்கள் கூலி உயர்வு கேட்டு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது.

கலையும் இலக்கியமும்

சாவு வீட்டில் பறையடித்தல் நம் மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அக்கடமையை மறுத்தல் தொண்ணூறுகளில் பல ஊர்களில் உரிமைப் போராட்டமாயிற்று. அதே வேளையில், கலை விழா மேடைகளில் இளைஞரும் பெண்களும் அப்பறையைப் பெருமிதத்துடன் ஏந்தி ஆடினர். ஏவலுக்கு அடிக்க மறுத்த கையே விரும்பி அடித்தது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. இழிவு தோலிலும் மரத்திலும் இல்லை, கட்டாயத்தில் இருந்தது.

எழுத்துலகிலும் புதுப்புனல் பாய்ந்தது. சிவகாமி அவர்களின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வெளிவந்தது. 1992இல் வெளிவந்த பாமா அவர்களின் ‘கருக்கு’, நம் தெருப் பெண்ணொருத்தி தன் வாழ்வைத் தன் பேச்சுமொழியிலேயே எழுதலாம் என்பதை நிலைநாட்டியது. 2000இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்கள் தலித் இலக்கியம் குறித்த விவாதங்களை வளர்த்தன.

இவற்றினும் ஆழ்ந்த பயனுடையதாக நாம் கருதுவது 1999இல் நிகழ்ந்த ஒன்று. 1907 முதல் தம் இறுதி நாள் வரை ‘தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகள், ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பட்டுப் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தால் வெளியிடப்பட்டன. நம் முன்னோர் ஊமைகளாக இருந்தனர் என்று எண்ணியிருந்த தலைமுறை, நூறாண்டுக்கு முன்பே அவர்கள் இதழ் நடத்தினர், நூல் எழுதினர், வாதாடினர் என்று அறிந்து தலைநிமிர்ந்தது. அவர்கள் பேசாமலில்லை, அவர்களைப் படிக்க நாம் கற்றிருக்கவில்லை.

திறந்த வாயிலும் சுருங்கிய இடமும்

இனி, கசப்பான ஓர் உண்மையைக் கூறியாக வேண்டும். 1944இல் தொடங்கிய உயர்கல்வி உதவித்தொகையும், இடஒதுக்கீடும், விடுதிகளும் சேர்ந்து நம்முள் பட்டதாரிகளைப் பெருக்கின. அவர்கள் எதிர்நோக்கியது அரசுப் பணியையே. அவர்கள் படித்து வெளிவந்த காலத்திலேயே அப்பணி சுருங்கத் தொடங்கிற்று. நாடு முழுவதும் பொதுத்துறைப் பணியாளர் எண்ணிக்கை 1997இல் ஏறத்தாழ 195 லட்சம். 2004இல் 182 லட்சம். புதிய வேலைகள் பிறந்த தனியார் துறையிலோ நமக்கு ஒதுக்கீடு இல்லை. அங்கே ஆங்கிலமும் அறிமுகமும் கேட்கப்பட்டன. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இரண்டும் அரிதாயின. நம் சங்கம் தோன்றிய காலத்தில் நம் இளைஞர்கள் நின்ற இடம் இதுவே.

இன்று நம் கடமை

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. வரவேற்கத்தக்கது. ஆயினும் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்கு படித்து வந்த நம் மாணவன் ஒருவன், உடன் பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர் கைகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. கொடியன்குளத்தில் சான்றிதழ்; நாங்குநேரியில் மாணவன். இலக்கு மாறவில்லை. நாம் கற்பதே தாக்குவோரை உறுத்துகிறது எனில், கற்பதை இரட்டிப்பாக்குதலே தக்க மறுமொழி.

ஆதலின் இவ்வெள்ளிவிழா ஆண்டில் சங்கத்தின் முன் மூன்று பணிகளை வைக்க விழைகிறோம். முதலாவது, பன்னிரண்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தும் பெண்பிள்ளைகளைக் கணக்கெடுத்து, ஒருவரையும் விடாமல் மேற்படிப்பில் சேர்த்தல். இரண்டாவது, ஆங்கிலத்திலும் கணினியிலும் மாலை வகுப்புகளை ஆண்டு முழுவதும் நடத்துதல். மூன்றாவது, ஒவ்வொரு குடும்பத்திலும் முதன்முதலில் எழுத்தறிந்தவர், முதன்முதலில் பட்டம் பெற்றவர் ஆகியோர் பெயரையும் ஆண்டையும் கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல். பழைய மனுக்கள், பட்டாக்கள், துண்டறிக்கைகள், அறிவொளி ஏடுகள் ஆகியவற்றைச் சேர்த்துக் காத்தல்.

தெருவிளக்கின் கீழ் அகரம் எழுதிய அன்னையர் பலர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்கள் நினைவிலுள்ளவற்றை எழுதி வைக்கும் கடமை அவர்களின் பேரப்பிள்ளைகளுடையது. நூறாண்டு கழித்து நம்மைத் தேடுவோர்க்குப் பிறர் எழுதியதை மட்டும் விட்டுச் செல்லலாகாது. அப்பதிவேட்டின் முதல் ஏட்டை இவ்விழா முடியுமுன் திறப்போமாக.